மோப்பக்காரி மணியடித்த நாள்

ஜனவரி 6

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நான் சுகம். மூட்டுவலி மட்டும் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? காதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். போன வாரம் போனில் "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். "ஆமா, புதன்கிழமை" என்றாய். இனிமேல் உன்னோடு பேசுவதென்றால் பேனாதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. நீ காலம் முழுக்கக் கிரேன் ஓட்டிய அதே அணுமின் நிலையத்தில், கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவில். அதைக் கட்டக் கூடாது என்று நம் அம்மாவும் நானும் கேட்டுக்கு முன்னால் ரோட்டில் உட்கார்ந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். இப்போது என் வயிற்றில் பிறந்தவள் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு அதே கேட்டுக்குள் போகப் போகிறாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "பயப்படுறவங்க எல்லாரும் வெளியிலயே உட்கார்ந்திருந்தா எப்படிம்மா? ஒருத்தராவது உள்ள போய்ப் பார்க்க வேண்டாமா?" என்கிறாள். இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டே பிழைத்தவளுக்கு இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியவில்லை.

ஒரு நிபந்தனையோடுதான் அனுப்புகிறேன். அவளிடமும் சொல்லிவிட்டேன். நீ அங்கே கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாய், அவளைப் பார்த்துக்கொள்வாய் என்ற தைரியம்தான் எனக்கு. அங்கே ஏதாவது கசிந்தது, அதை மூடி மறைத்தார்கள் என்று தெரிந்தாலும் சரி, நீ படுத்துவிட்டாய் என்று தெரிந்தாலும் சரி, அன்றைக்கே அவள் பெட்டியைக் கட்ட வேண்டும். சரி என்று தலையாட்டியிருக்கிறாள். நீயும் ஆட்டு.

வேளாவேளைக்குச் சாப்பிடு. குளிர்காற்றில் நிற்காதே.

உன் தங்கை


ஜனவரி 17

என் அருமைத் தங்கச்சி டீச்சரம்மாவுக்கு,

அண்ணன் எழுதுறேன். நான் ஜம்முனு இருக்கேன், நீயும் அப்படியே இருக்கணும். மூட்டுவலியைக் குடிவெச்சிருக்கேன்னு எழுதியிருந்தே. காலி பண்ணச் சொல்லு. நீ ஒரு பார்வை பாத்தா கடைசி பெஞ்சே நடுங்கும், மூட்டுவலி எம்மாத்திரம்.

எழுத்தைப் பாத்துச் சிரிக்காதே. அஞ்சாங்கிளாஸோட ஸ்கூலுக்குக் கும்பிடு போட்டவன் நான். பேசுற மாதிரிதான் எழுத வரும். சிவப்பு மையை எடுத்தேன்னா அடுத்த லெட்டர் கிடையாது.

மருமக வர்ற சேதியைப் படிச்சதும் வீட்டுக்குள்ளயே ரெண்டு சுத்து சுத்தினேன். நீங்க ரோட்டுல உக்காந்ததை மறப்பேனா? வெளிய நீங்க "கட்டாதே, கட்டாதே"ங்கிறீங்க. உள்ள நாங்க கான்கிரீட்டைக் கொட்டிக்கிட்டே இருக்கோம். மத்தியானம் ஆனா நீ கத்துறதை நிறுத்திட்டு வந்து கம்பி வேலி வழியா எனக்கு டிபன் பாக்ஸை நீட்டுவே. நான் தின்னுட்டுக் கழுவிக் குடுப்பேன். நீ மறுபடி போய் உக்காந்து கத்துவே. கூட வேலை செஞ்சவன் ஒருத்தன், "உன் தங்கச்சி நம்ம பக்கமா, அந்தப் பக்கமா?"ன்னு கேட்டான். "என் வயித்துப் பக்கம்டா"ன்னேன்.

ஆனா சும்மா சொல்லக் கூடாது. நீங்க கத்தினதாலதான் அவசரம்னா ஊர் ஜனம் கிளம்பிப் போறதுக்குத் தனி ரோடு போட்டாங்க. அந்த ரோட்டுல இப்ப சாயங்காலமானா கிழவனுங்க நடக்குறோம். வேற அவசரம் எதுவும் இன்னிவரைக்கும் வரலை.

ரிட்டயர் ஆனவனைக் கூப்பிட்டுப் பார்வையாளர் கூடத்துல உக்கார வெச்சிருக்காங்க. ஸ்கூல் பிள்ளைங்க வந்தா பொம்மை உலையைக் காட்டி விளக்கம் சொல்லணும். நான் சொல்றது இதுதான்: "கண்ணுங்களா, இது ஒரு பெரிய கெட்டில். விறகுக்குப் பதிலா யுரேனியம். தண்ணி சுடும், ஆவி வரும், ஆவி போய் ஒரு ராட்சசக் காத்தாடியைச் சுத்தும், காத்தாடி சுத்தினா கரண்ட்டு. அப்புறம் கடல் தண்ணியால அந்த ஆவியை ஆறவெச்சு மறுபடி கெட்டிலுக்கே அனுப்பிடுவோம். கடல் தண்ணி வேற குழாய், கெட்டில் தண்ணி வேற குழாய், ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொடக் கூடாது, சண்டை போட்ட சம்பந்திங்க மாதிரி." கேட்டுக்கிட்டு நிக்கிற இஞ்சினியருங்க பல்லைக் கடிப்பாங்க. பிள்ளைங்க எனக்குக் கெட்டில் தாத்தான்னு பேரு வெச்சிருக்கு.

உன் நிபந்தனைக்குத் தலையாட்டிட்டேன். கல்லுக்குண்டுன்னு எழுதினியே, கரெக்ட். காதை மட்டும்தான் அந்தக் காத்தாடிச் சத்தம் தின்னுச்சு. மத்ததெல்லாம் வாங்கினப்ப இருந்த மாதிரியே இருக்கு. தைரியமா அனுப்பு.

உடம்பைப் பாத்துக்கோ, ஊரைத் திருத்துறதை அப்புறம் பாத்துக்கலாம்.

உன் அண்ணன்


பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்தானே? என் மூட்டு தேவலை. மகள் போனதிலிருந்து வீடுதான் சுகமில்லாமல் கிடக்கிறது. ஒரு தட்டு கழுவினால் வேலை முடிந்துவிடுகிறது.

அவள் வாரம் தவறாமல் போன் செய்கிறாள். "நல்லா இருக்கேன்", "சாப்பிட்டேன்", "தூக்கம் வருதும்மா". இதற்கு மேல் ஒன்றும் தேறவில்லை. அவள் அங்கே சரியாக என்னதான் செய்கிறாள்? உலைக்குப் பக்கத்தில் போகிறாளா? கூட வேலை செய்கிறவர்கள் மரியாதையாக நடத்துகிறார்களா? பகடியை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு தடவையாவது நேராகப் பதில் எழுது.

உன் உடம்பைப் பற்றியும் எழுது. போன கடிதத்தில் கடை விளம்பரம் மாதிரி எழுதியிருந்தாய்.

உன் தங்கை


மார்ச் 11

டீச்சரம்மாவுக்கு,

கேள்வித்தாள் கிடைச்சது. நான் நல்லா இருக்கேன், நீ நல்லா இருப்பேன்னு நம்புறேன். முதல் கேள்விக்கு ஃபுல் மார்க் போட்டுக்கோ.

ரெண்டாவது. உன் மகளுக்கு இங்க பட்டப்பேரு வந்தாச்சு. கறாரம்மா. வேலை என்னன்னா, உள்ள வேலை செய்யுற ஒவ்வொருத்தன் உடம்புலயும் எவ்வளவு கதிர் பட்டிருக்குன்னு பாத்துக்கிட்டே இருக்கணும். சட்டையில ஒரு சின்ன வில்லை மாட்டியிருப்பாங்க, அது சொல்லிடும். அளவு தாண்டப் போறான்னு தெரிஞ்சா, "நீங்க இன்னிக்கு உள்ள போக வேண்டாம்"னு நிறுத்திடணும். எத்தனை பெரிய ஆளா இருந்தாலும் சரி. போன வாரம் பெரிய சார் அவசரமா வெளிய வர்றாரு. வாசல்ல கருவியை வெச்சுப் பாத்தா அவரு பூட்ஸ் அடியில துளியூண்டு ஒட்டியிருக்கு. "சார், பூட்ஸைக் குடுத்துட்டுப் போங்க"ங்கிறா இவ. "மீட்டிங் இருக்கும்மா"ங்கிறாரு. "பூட்ஸுக்கு இல்லையே சார்"னு சொல்லிட்டா. மனுஷன் சாக்ஸோட மீட்டிங் போனாரு. ஊரே சிரிச்சுச்சு, அவரும்தான். அப்ப மரியாதை இருக்கா இல்லையான்னு நீயே மார்க் போடு.

உலைக்குப் பக்கத்துல எல்லாம் சும்மா போயிட முடியாது. ஓடுறப்ப அந்தக் கட்டடத்துக்குள்ள ஈ காக்கா நுழையாது. இப்ப ஒரு உலையை நிறுத்தி எரிபொருள் மாத்துற வேலை நடக்குது. அதனால இவளுக்கு நிமிர நேரமில்லை. தூக்கம் வருதுங்கிறது நிஜம்தான், உன்கிட்ட தப்பிக்க இல்லை. பாதி அதுக்கும்தான்.

ஞாயித்துக்கிழமை என் வீட்டுக்கு வருவா. நான் சமைப்பேன், அவ பாத்திரம் கழுவுவா. "மாமா, உப்பு ஜாஸ்தி"ம்பா. "அளவு கருவி வெச்சியா?"ன்னு கேப்பேன்.

கூடம் மாடியில இருக்கு. ஏறுறப்ப நடுவுல கொஞ்சம் நின்னு கடலைப் பாத்துட்டு ஏறுவேன். நல்ல கடல். முன்னாடியெல்லாம் பாக்க நேரமே இருந்ததில்லை.

வெந்நீர் ஒத்தடம் குடு, முழங்காலுக்கு.

உன் அண்ணன்


ஏப்ரல் 5

தங்கச்சிக்கு,

நீ சுகமா இருப்பே. நான் சுகம். உன் பதில் வர்றதுக்குள்ள இன்னொண்ணு எழுதுறேன், சிரிப்பு வயித்துல நிக்க மாட்டேங்குது.

முந்தாநேத்து டவுனுக்குப் போயிருந்தேன், மூக்குக் கண்ணாடி மாத்த. நேத்து வழக்கம்போல கூடம். சாயங்காலம் கிளம்பி கேட்டுக்கு வர்றேன். கேட்டுல ஒரு மெஷின் இருக்கு, கதவில்லாத நிலை மாதிரி. உள்ள இருந்து வெளிய போற எவனும் அதுல ஒரு நிமிஷம் நின்னுட்டுத்தான் போகணும். உடம்புலயோ துணியிலயோ கதிர் ஒட்டியிருந்தா மணியடிச்சுடும். நாங்க அதுக்கு வெச்ச பேரு மோப்பக்காரி. இத்தனை வருஷத்துல என்னைப் பாத்து அவ மூக்கைக்கூடச் சுளிச்சதில்லை. நேத்து ஊரைக் கூட்டிட்டா.

எனக்குத்தான் காது கேக்காதே. நான் பாட்டுக்கு நடக்குறேன். செக்யூரிட்டி ஓடி வந்து பின்னாடி இருந்து கையைப் பிடிச்சான். "என்னப்பா, திடீர்னு பாசம்?"னு கேட்டேன். அவன் மூஞ்சியைப் பாத்தப்பதான் விஷயம் புரிஞ்சுது.

தனி ரூமுக்குக் கூட்டிட்டுப் போய், துணியெல்லாம் கழட்டி, தேய்ச்சுக் குளிக்க வெச்சானுங்க. மறுபடி நிறுத்தினாங்க, மறுபடி மணி. மறுபடி குளியல். நீ சின்ன வயசுல, "அண்ணன் குளிக்கவே மாட்டேங்கிறான்"னு அம்மாகிட்ட போட்டுக் குடுப்பியே, அந்தப் பாக்கியை எல்லாம் ஒரே சாயங்காலத்துல தீத்துட்டேன். கண்ணாடி, செருப்பு, பல்செட்டு எல்லாத்தையும் தனித்தனிப் பையில போட்டு மெஷின்ல காட்டினாங்க. பல்லு பாஸ். கண்ணாடி பாஸ். செருப்பு பாஸ். நான் ஃபெயில்.

ட்யூட்டியில யாரு? உன் மக. "மாமா, நகராதீங்க"ன்னா. நான் பல்லில்லாத வாயால, "ஏம்மா, நான் உன் மாமா"ங்கிறேன். "தெரியும். கையை அகலமா வைங்க"ங்கிறா. அப்புறம் உடம்பளக்குற நாற்காலின்னு ஒண்ணு, அதுல உக்கார வெச்சாங்க. கூடத்தைப் பூட்டிட்டாங்க. பொம்மை உலையைத் துடைச்சுத் துடைச்சுப் பாத்தாங்க. இன்னிக்கு வர வேண்டிய ஸ்கூல் பஸ்ஸைத் திருப்பி அனுப்பிட்டாங்க. கடைசியில ஒண்ணுமில்லைன்னு சொல்லி, ரெண்டு ஆளு நுழையுற மாதிரி ஒரு தொளதொளா உடுப்பை மாட்டி என்னை வீட்டுல விட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரி பாத்துட்டு, "நிலாவுக்கா போய்ட்டு வர்றீங்க?"ன்னு கேட்டா.

சிரிச்சு முடிச்சதும் பதில் போடு.

உன் அண்ணன்


ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ சுகம் என்று எழுதியிருந்தாய். நம்புகிறேன் என்று எழுத ஆசைதான்.

நான் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் எழுதிவிட்டு ஒன்றை மட்டும் விட்டுவிட்டாய். மணி ஏன் அடித்தது?

குளித்தும் அடித்தது என்றால் தோலில் இல்லை, உடம்புக்கு உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். நான் அந்த ரோட்டில் சும்மா உட்காரவில்லை அண்ணா, படித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். நீ வேலை செய்வது பிள்ளைகள் வந்து போகும் கூடம். அங்கே உட்கார்ந்திருந்தவன் உடம்புக்குள் அது எப்படிப் போனது? எங்கிருந்து வந்தது? "கடைசியில ஒண்ணுமில்லை" என்று யார் சொன்னது?

நேராகப் பதில் எழுது. என் மகள் அங்கே இருக்கிறாள்.

உன் தங்கை


ஏப்ரல் 22

தங்கச்சிக்கு,

சுகம். நீ ராத்திரி தூங்காம யோசிச்சுக்கிட்டு இருப்பேன்னு தெரியுது, அதை விடு முதல்ல.

மெஷினுக்கு வயசாயிடுச்சு, அவ்வளவுதான். நானும் அதுவும் ஒரே செட்டு. எனக்குக் காது போச்சு, அதுக்கு மூக்கு போச்சு. இல்லேன்னா புதுக் கண்ணாடி ஃப்ரேம்ல ஏதாவது இரும்பு இருந்திருக்கும். கூடத்தைத் திறந்தாச்சு, பிள்ளைங்க வருது, கெட்டில் கொதிக்குது. நீ போய் ஒரு நல்ல டீயாப் போட்டுக் குடி.

உன் அண்ணன்


மே 4

அண்ணனுக்கு,

உன் உடம்பைப் பற்றி இனிமேல் உன்னிடம் கேட்டுப் பயனில்லை. அதனால் கேட்கவில்லை.

மெஷின் என்கிறாய். அடுத்த வரியிலேயே கண்ணாடி என்கிறாய். கண்ணாடியைத் தனியாகக் காட்டினார்கள், பாஸ் ஆனது என்று அதற்கு முந்தின கடிதத்தில் நீயே எழுதியிருக்கிறாய். பொய் சொல்கிறவனுக்கு ஞாபகம் வேண்டும். உனக்கு அது சின்ன வயதிலிருந்தே கிடையாது.

மகளிடம் கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றாள். "தெரியாதா, சொல்ல முடியாதா?" என்று கேட்டேன். "தெரியும். சொல்ல முடியாது" என்றாள். அவ்வளவுதான். எத்தனை விதமாகக் கேட்டும் அதே வரி. நாங்கள் அன்றைக்கு ரோட்டில் கத்தியதே இதற்காகத்தான். ஏதாவது நடந்தால் வெளியே சொல்ல மாட்டார்கள் என்றோம். இப்போது என் பெண்ணே சொல்லாதவர்களில் ஒருத்தி.

நிபந்தனை ஞாபகம் இருக்கிறதா? வேலையை விட்டுவிட்டுக் கிளம்பு என்று சொல்லிவிட்டேன். அழுதாள். பிறகு, "சரிம்மா, நீங்க வந்து கூப்பிட்டா வந்துடறேன். ஆனா அதை மட்டும் கேட்காதீங்க" என்றாள். மாதக் கடைசியில் வருகிறேன், அவளைக் கூட்டிக்கொண்டு போக. அன்றைக்கு என்னோடு ரோட்டில் உட்கார்ந்தவர்களுக்கும் எழுதப் போகிறேன். அவர்களுக்கும் தெரியட்டும்.

உன் தங்கை


மே 20

என் தங்கச்சிக்கு,

இத்தனை நாள் எழுதாததுக்கு மன்னிச்சுடு. பேப்பரை எடுப்பேன், வேடிக்கையா ஏதாவது வரும், கிழிச்சுப் போடுவேன். இன்னிக்கு வேடிக்கை வரலை. அதனால எழுதிடுறேன்.

அன்னிக்கு நான் டவுனுக்குப் போனது கண்ணாடிக்கு இல்லை. ஆஸ்பத்திரிக்கு. படி ஏறினா நெஞ்சுல யாரோ கால் வெச்சு அழுத்துற மாதிரி இருக்கும். கடலைப் பாக்குறேன்னு எழுதினேனே, மூச்சு வாங்கத்தான் நின்னேன். டாக்டரு நெஞ்சை ஸ்கேன் பண்ணணும்னாரு. அதுக்கு முன்னாடி கையில ஒரு ஊசி. அந்த மருந்துல கொஞ்சம் கதிர் இருக்கும், ரத்தம் எங்க ஓடுது, எங்க ஓடலைன்னு காட்டிக் குடுக்குமாம். ஒரு சில நாள்ல தானாப் போயிடும். அணு உலையில காலம் பூரா வேலை செஞ்சும் ஒட்டாததை, ஆஸ்பத்திரியில காசு குடுத்து ஏத்திக்கிட்டு வந்தவன் நான். அதோட நேரா வந்து மோப்பக்காரி முன்னாடி நின்னிருக்கேன். அவ மூக்கு நல்லாத்தான் இருக்கு.

நாற்காலியில உக்கார வெச்சாங்கன்னு எழுதினேன் இல்ல, அந்த நாற்காலி கதிர் இருக்குன்னு மட்டும் சொல்லாது, எந்த வகைக் கதிர்னும் சொல்லிடும். உன் மக கம்ப்யூட்டரைப் பாத்தா. என்னைப் பாத்தா. மத்தவங்களை எல்லாம் வெளிய அனுப்பிட்டு, கதவைச் சாத்திட்டு, என் காதுகிட்ட வந்து, "மாமா, நேத்து எந்த ஆஸ்பத்திரி?"ன்னு கேட்டா.

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். உங்கம்மாவுக்குத் தெரியக் கூடாதும்மான்னேன். "உங்க உடம்பு விஷயம் உங்களோடது. நான் யார்கிட்டயும் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். ஆஸ்பத்திரிச் சீட்டைக் குடுங்க, போன் பண்ணி உறுதி பண்ணிக்கிறேன். ரிப்போர்ட்டுல வெளிய இருந்து வந்த மருந்துன்னு எழுதுவேன், பேரு வராது. ஆனா அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க மாமா"ன்னா. சரின்னேன். சொல்லலை.

ஏன் சொல்லலை தெரியுமா? நான் படுத்தா அவ பெட்டி கட்டணும்னு நீ போட்ட நிபந்தனை. நான் கல்லுக்குண்டா இருக்குற வரைக்கும்தானே அவளுக்கு இந்த வேலை. அவளைக் காப்பாத்துறதா நெனச்சு வாயை மூடினேன். நான் மூடினதுக்கு நீ அவளைப் பிடிச்சுட்டே. அதுக்கப்புறமும் அவ வாயைத் திறக்கலை. ஞாயித்துக்கிழமை வந்தா, பாத்திரம் கழுவினா, போயிட்டா. என்னை ஒரு வார்த்தை கேக்கலை. அதுதான் என்னைக் கொன்னுச்சு.

ரத்தக்குழாய் ஒண்ணு சுருங்கியிருக்காம். வர்ற வியாழக்கிழமை உள்ள கம்பிச்சுருள் வெச்சு விரிக்கிறாங்க. கடல் தண்ணிக் குழாய் அடைச்சுக்கிட்டா நாங்களும் இப்படித்தான் ஆளை அனுப்புவோம், அதனால பயமில்லை. கொஞ்சம் இருக்கு.

ரோட்டுல உக்காந்தவங்களுக்கு எழுதாதே. எழுதியிருந்தா, கசிஞ்சது உலை இல்லை, உங்கண்ணன்னு எழுதிடு. அவ பெட்டியைக் கட்ட வெச்சுடாதே. என்னை என்ன வேணா திட்டு.

உன் அண்ணன்


மே 24

அண்ணா,

இந்தக் கடிதம் வருவதற்கு முன்னால் நான் வந்துவிடுவேன். சாயங்கால வண்டிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் எழுதுகிறேன். ஏனென்றால் நேரில் திட்டினால் உனக்குக் காது கேட்காது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நிதானமாக உட்கார்ந்து படி.

மடையா. மடையா. மடையா.

நான் வரும்வரை படி ஏறாதே.

உன் தங்கை


ஜூலை 6

அன்புள்ள அண்ணனுக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். நீ மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா? சாயங்காலம் நடக்கிறாயா? இரண்டுக்கும் பதில் மகளிடமிருந்து வரும், நீ சிரமப்பட வேண்டாம்.

நேரில் சொல்ல வராததை எழுதுகிறேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளும் நானும் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் வெளியே வந்து, "நல்லா முடிஞ்சுது, நாளன்னிக்கு நடக்கலாம்" என்றார். உடம்பில் இருந்த முடிச்செல்லாம் அவிழ்ந்த மாதிரி இருந்தது. அங்கேயே அந்தப் பெஞ்சிலேயே நான் தூங்கிவிட்டேனாம். எத்தனை நாள் தூக்கம் அது.

அன்றைக்கு அவள் அறைக்குப் போனபோதுதான் மேசை மேல் ராஜினாமாக் கடிதத்தைப் பார்த்தேன். கையெழுத்துகூடப் போட்டிருந்தாள். எனக்காக வேலையை விடத் தயாராக இருந்தவள், உன் ரகசியத்தை மட்டும் விடவில்லை. "என்கிட்டகூடவாடி?" என்று கேட்டேன். "உங்ககிட்ட சொன்னா அப்புறம் யார்கிட்ட வேணா சொல்லலாம்னு ஆயிடும்மா. உள்ள இருக்கிறவங்க எல்லாரும் என்னை நம்பித்தான் அந்த நாற்காலியில உட்கார்றாங்க" என்றாள்.

மே மாதம் அவள் மௌனம் எனக்குப் பயமாக இருந்தது. இப்போது அதை நினைத்துத்தான் நிம்மதியாக இருக்கிறேன். பெற்ற தாய் மிரட்டியும் விதியை வளைக்காதவள் ஒருத்தி அந்தக் கேட்டில் நிற்கிறாள் என்றால், அந்த மதிலுக்கு வெளியே இருக்கிற ஊர் கொஞ்சம் தூங்கலாம். ராஜினாமாவை நானே கிழித்தேன். நிபந்தனையையும் திரும்ப வாங்கிக்கொண்டேன். நீ படுத்தால் நான் வந்து பார்த்துக்கொள்கிறேன், அவளை இழுக்க மாட்டேன். அதனால் இனிமேல் கல்லுக்குண்டு வேஷம் போட வேண்டாம்.

என் எதிர்ப்பு எங்கும் போய்விடவில்லை, அதையும் தெரிந்துகொள். உன் கூடத்துக்கு வந்தபோது, எரிந்து முடிந்த எரிபொருளை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். "இப்ப தண்ணித் தொட்டியில. அப்புறம் கான்கிரீட் பீப்பாயில. கடைசியா எங்கங்கிறது இன்னும் முடிவாகலை தங்கச்சி" என்றாய். கெட்டிலும் இல்லை, சம்பந்தியும் இல்லை. நீ எனக்குச் சொன்ன முதல் நேரான பதில் அதுதான். அப்படியே தொடர்ந்து பழகு.

உன் தங்கை


செப்டம்பர் 12

தங்கச்சி டீச்சரம்மாவுக்கு,

நேரான பதில் கேட்டியே, எழுதிக்கோ. நேத்து டாக்டர்கிட்ட போனேன். மறுபடி அதே ஊசி, அதே ஸ்கேன். ரத்தம் எல்லா இடத்துக்கும் ஓடுதாம். டாக்டரு படத்தைக் காட்டினாரு, எனக்கு ஒண்ணும் புரியலை, அவரு சிரிச்சாரு, நானும் சிரிச்சேன். மாத்திரை நாலு. ஒண்ணு கசப்பு. படி ஏறுறேன், நிக்கலை. கடலை இப்ப கீழ வந்து உக்காந்து பாத்துக்கிறேன். உன் மூட்டு எப்படி? நீயும் நேராச் சொல்லு.

இந்த லெட்டரை எங்க இருந்து எழுதுறேன் தெரியுமா? கேட்டுக்கு வெளிய, மரத்தடி பெஞ்சுல. காலையில வந்ததும் யாரும் கேக்குறதுக்கு முன்னாடி நானே செக்யூரிட்டிகிட்ட ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினேன். எவ்வளவு பெருமையா நீட்டினேன்னு நீ பாத்திருக்கணும். அவன் உள்ள போன் போட்டான். உன் மக வந்தா. சீட்டைப் படிச்சா. கடைசி வரியில நல்லா இருக்குன்னு டாக்டரு எழுதியிருந்ததை ரெண்டு தடவை படிச்சா. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு மூக்கை உறிஞ்சினா. அதுக்கப்புறம், "மாமா, நீங்க இப்ப உள்ள வர முடியாது. ஊசி மருந்து உடம்பை விட்டுப் போகட்டும், அப்புறம் வாங்க"ன்னா.

"ஏம்மா, நானே உண்மையச் சொல்லியிருக்கேன். அதுக்கு இதுதான் மரியாதையா?"ன்னேன்.

"சொன்னதாலதான் பெஞ்சு. சொல்லலேன்னா குளியல்"ன்னா.

சொல்லிட்டு உள்ள போயிட்டா. வீட்டுக்குப் போகலாம்னு எழுந்தேன், மனசு வரலை. வெயில் இதமா இருக்கு. ஸ்கூல் பஸ் ஒண்ணு வந்து பிள்ளைங்க வரிசையா உள்ள போகுது. இன்னிக்கு விளக்கம் சொல்ல இஞ்சினியரை விட்டிருக்காங்க, பாவம் பிள்ளைங்க. இப்ப மாடி ஜன்னல்ல உன் மக தெரியுறா. நான் கையை ஆட்டுறேன். அவ ஆட்டலை. ரெண்டு விரலை மட்டும் காட்டுறா.

இன்னும் ரெண்டு நாளாம்.

உன் அண்ணன்